1915-இல் வான்கூவர் வென்ற ஸ்டான்லி கோப்பை: கணக்கில் சேர்க்கலாமா? (1914–15 பசிபிக் கரை ஹாக்கி லீக்)

நீலக்கோடு (பர்னபி) எழுதியது:

ஏப்ரல், மே மாதம் வந்தால் என் வேலையிடத்தில் ஒரே புலம்பல்தான். நம்ம வான்கூவர் ஹாக்கி அணி கனக்ஸ் இந்த முறையும் போச்சு, இந்த ஊருக்குக் கோப்பை ராசியே கிடையாது என்பார்கள். 1982, 1994, 2011 என்று மூன்று இறுதித் தோல்விகளையும் வரிசையாகச் சொல்லுவார்கள். வந்த புதிதில் நானும் அதை அப்படியே நம்பினேன். அப்புறம்தான் தெரிந்தது, ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பை இந்த ஊருக்கு ஒரு தடவை வந்திருக்கிறது. 1915 மார்ச்சில். வென்ற அணியின் பெயர் வான்கூவர் மில்லியனேர்ஸ். இன்றைக்கு இருக்கும் என்.எச்.எல். (தேசிய ஹாக்கி லீக்) அப்போது பிறக்கவே இல்லை, அது 1917-இல்தான் வந்தது.

கிழக்கே மாண்ட்ரியல், ஒட்டாவா, டொரண்டோ பக்கம் தேசிய ஹாக்கி சங்கம் என்று ஒன்று இருந்தது. மேற்கே இருந்தது பசிபிக் கரை ஹாக்கி சங்கம். லெஸ்டர் பாட்ரிக், ஃபிராங்க் பாட்ரிக் என்ற அண்ணன் தம்பி இருவர் 1911-இல் தொடங்கியது. அவர்கள் அப்பா ஜோசப் பாட்ரிக் நெல்சன் ஊரில் மர வியாபாரம் செய்தவர். அந்தக் கம்பெனியை விற்று வந்த பணத்தை மகன்கள் பேச்சை நம்பி ஐஸ் அரங்கம் கட்டக் கொடுத்தார். குளிர்காலம் முழுக்க மழை பெய்யும் ஊரில், ஏரிகூட உறையாத ஊரில், ஐஸ் ஹாக்கிக்கு! விக்டோரியாவில் சுமார் 4,000 பேர் உட்காரும் அரங்கம் ஒன்று, வான்கூவரில் 10,500 பேருக்கு டென்மன் அரங்கம் ஒன்று. 1911 கணக்குப்படி வான்கூவரின் மக்கள்தொகையே சுமார் 1 லட்சம்தான். ஊரில் பத்தில் ஒருவர் வந்து உட்காரலாம் என்று கட்டியிருக்கிறார்கள். கனடாவில் செயற்கை ஐஸ் போட்ட முதல் அரங்கங்கள் இவை இரண்டும்தான்.

சரி, 1914–15 பருவத்துக்கு வருகிறேன். மூன்றே அணிகள். வான்கூவர், விக்டோரியா, அப்புறம் புதிதாக அமெரிக்காவிலிருந்து போர்ட்லண்ட் ரோஸ்பட்ஸ். நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த அணியைத்தான் அந்த வருடம் போர்ட்லண்டுக்கு மாற்றினார்கள். பருவ முடிவில் வான்கூவர் 13 வெற்றி, 4 தோல்வி. போர்ட்லண்ட் 9-9. விக்டோரியா 4-13. வான்கூவர் 17 ஆட்டங்களில் அடித்த கோல் 115. முந்தைய வருடம்தான் லீக்கை வென்று கோப்பைக்காக டொரண்டோவரை போய்வந்த அணி விக்டோரியா. அது இப்படி விழுந்ததை நினைத்தால் அந்த அணியை நடத்திய லெஸ்டருக்காக மனசு கஷ்டப்படுகிறது.

அந்த வான்கூவர் அணியை நினைத்தாலே எனக்கு உற்சாகம் வந்துவிடும். 'சைக்ளோன்' டெய்லர் 16 ஆட்டங்களில் 45 புள்ளிகள். முப்பது வயதில்! பக்கத்திலேயே மிக்கி மக்கே என்ற இளைஞர். தொழில்முறை ஆட்டத்தில் அவருக்கு அதுதான் முதல் வருடம். 33 கோல் அடித்து லீக்கிலேயே முதலாவதாக வந்தார். நடுவில் ஃபிராங்க் நைபர். எதிராளி ஓட்டிவரும் பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கும் தட்டையான ரப்பர் வட்டு) மட்டையை நீட்டித் தட்டிப் பறிப்பதில் அவருக்கு இணை கிடையாது. கோலி ஹியூ லேமன். பருவத்தின் நடுவில் வந்து சேர்ந்தவர் பார்னி ஸ்டான்லி. தலைவர் சை கிரிஃபிஸ். உரிமையாளரும் மேலாளருமான ஃபிராங்க் பாட்ரிக்கையும் சேர்த்தால், இந்த ஏழு பேரும் பின்னாளில் ஹாக்கி புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தவர்கள்.

மார்ச் 22, 24, 26 தேதிகளில் டென்மன் அரங்கத்தில் கோப்பைக்காகக் கிழக்குச் சங்கத்தின் ஒட்டாவா செனட்டர்ஸுடன் மோதினார்கள். ஐந்து ஆட்டத் தொடர், மூன்றிலேயே முடிந்துவிட்டது. 6-2, 8-3, 12-3. கிரிஃபிஸ் கால் முறிந்து ஆடவே முடியாத நிலையில் இந்த முடிவு. வின்னிபெக்குக்கு மேற்கே கோப்பைக்கான தொடர் நடந்தது அதுதான் முதல் முறை.

இதை இந்த ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம். "அது வேற காலம், கணக்கில் வராது" என்கிறார்கள். ஏன் வராது? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

—

ஸ்காபரோ பொடியன் எழுதியது:

அண்ணை, நல்ல இழை. ஆனால் நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நின்று கதைக்கிறேன், கோபிக்கவேண்டாம்.

முதலாவது, மூன்று ஆட்டமும் வன்கூவரின் சொந்த அரங்கத்தில். ஒட்டாவா ஆட்கள் நாட்டையே குறுக்கறுத்துப் புகையிரதத்தில் நாட்கணக்கில் இருந்து வந்தவர்கள். இரண்டாவது, மேற்கில் ஏழு பேர் ஆட்டம், கிழக்கில் ஆறு பேர் ஆட்டம். சட்டமே வேறு. பழக்கமில்லாத சட்டத்தில், பழக்கமில்லாத ஐஸில், உடம்பு அலுத்துப்போய் விளையாடினவர்களை 12-3 என்று அடித்ததை எப்படிப் பெரிசாகச் சொல்வது? அந்த ஒட்டாவாவில் கிளின்ட் பெனடிக்ட், ஆர்ட் ராஸ், எடி ஜெரார்ட் எல்லாரும் இருந்தவர்கள். ஒன்றும் சின்ன அணி இல்லை. மொன்றியல் வாண்டரர்ஸை வென்றுவிட்டுத்தான் வந்தவர்கள்.

கோப்பை கோப்பைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் சரிசமமான போட்டியா என்பதுதான் என் கேள்வி.

—

நீலக்கோடு எழுதியது:

தம்பி, கோபமெல்லாம் இல்லை. நியாயமான கேள்வி. பயணத்தைப் பற்றிச் சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டத்தைப் பற்றிச் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சட்டம் மாறி மாறி வந்தது. முதல் ஆட்டமும் மூன்றாவது ஆட்டமும் மேற்கின் ஏழு பேர் சட்டம். இரண்டாவது ஆட்டம் முழுக்கக் கிழக்கின் ஆறு பேர் சட்டம். ஒட்டாவா தினமும் ஆடும் அதே ஆட்டம்.

அதில் என்ன ஆனது? வான்கூவர் 8, ஒட்டாவா 3. முதல் ஆட்டத்தைவிட வித்தியாசம் கூடியிருக்கிறது! சட்டம்தான் காப்பாற்றியது என்றால் அன்றைக்கு வான்கூவர் தடுமாறியிருக்க வேண்டும் அல்லவா? என் வாதம் முழுக்க நிற்பது இந்த ஒரு ஆட்டத்தின் மேல்தான்.

போன வருடத்தையும் பார். 1914-இல் விக்டோரியா அதே ரயிலில் அதே தூரம் டொரண்டோவுக்குப் போய் மூன்று ஆட்டமும் தோற்றுத் திரும்பியது. அன்றைக்கு டொரண்டோவின் வெற்றி செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வருடம் கிழக்கில், அடுத்த வருடம் மேற்கில் என்று இரண்டு சங்கங்களும் 1913-இல் ஒப்பந்தம் போட்டுத்தான் ஆடினார்கள். ரயில் அலுப்பு இரண்டு பக்கத்துக்கும் பொது.

—

கபடி செல்வம் (தஞ்சாவூர்) எழுதியது:

அண்ணா, நான் ஐஸ் ஹாக்கியை யூடியூபில் பார்த்ததோடு சரி. ஏழாவது ஆள் என்கிறீர்களே, அவர் எங்கே நிற்பார்? எங்கள் கபடியிலும் களத்தில் ஏழு பேர்தான், அதனால் கேட்கத் தோன்றியது. அப்புறம் 'சட்டமே வேறு' என்கிறீர்கள். ஆள் எண்ணிக்கை மட்டும்தான் வேறா, இல்லை ஆட்டமே வேறா?

—

நீலக்கோடு எழுதியது:

நல்ல கேள்வி செல்வம். கோலி ஒருவர், தடுப்பில் இருவர், முன்னால் தாக்க மூவர். இதுதான் ஆறு. ஏழாவது ஆளுக்குப் பெயர் 'ரோவர்'. அவருக்கென்று நிலையான இடம் கிடையாது. தடுப்புக்கும் தாக்குதலுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டே இருப்பார், பக் எங்கே போகிறதோ அங்கே ஓடுவார். அணியிலேயே சறுக்குவதில் தேர்ந்தவரைத்தான் ரோவராகப் போடுவார்கள். டெய்லர் ஆடிய இடம் அது. கிழக்கில் 1911-இல் சம்பளச் செலவைக் குறைக்க ஆளைக் குறைத்தார்கள். மேற்கில் 1922 வரைக்கும் ஏழு பேரோடுதான் ஆடினார்கள்.

ஆள் எண்ணிக்கையைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. என் புனைபெயரே அதிலிருந்து எடுத்ததுதான். அந்தக் காலத்து ஹாக்கியில் பக்கை முன்னால் நிற்கும் தோழனுக்குத் தள்ளக் கூடாது. ரக்பி மாதிரி பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். ஒருவர் பக்கை எடுத்துக்கொண்டு ஓடுவார், மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள், விசில், நிறுத்தம், மறுபடி விசில். பாட்ரிக் சகோதரர்கள் 1913–14 பருவத்தில் ஐஸில் குறுக்கே இரண்டு நீலக் கோடு போட்டுக் களத்தை மூன்றாகப் பிரித்தார்கள். நடுப்பகுதிக்குள் மட்டும் பக்கை முன்னோக்கிக் கொடுக்கலாம் என்றார்கள். அவ்வளவுதான், ஆட்டத்தின் வேகமே மாறிப்போனது. மக்கே, டெய்லர் மாதிரி ஆட்களுக்கு நடுவில் திறந்த வெளி கிடைத்தது. என்.எச்.எல். இதை எடுத்துக்கொண்டது 1918-இல்.

கோலுக்கு வழி செய்துகொடுத்தவருக்கு 'அசிஸ்ட்' என்று கணக்கு வைத்ததும் அவர்கள் தொடங்கியதுதான். டெய்லரின் 45-இல் 22 அசிஸ்ட்.  பக்கைத் தட்டிக் கொடுத்தவனுக்கும் பெயர் இருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தவர்கள் இவர்கள் என்பதாலேயே எனக்கு இந்த லீக் மேல் தனிப் பிரியம்.

—

குளிர்பதன மெக்கானிக் (ஷார்ஜா) எழுதியது:

ஆட்டம் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஐஸ் பற்றித் தெரியும், இங்கே வளைகுடாவில் ஒரு மாலில் இருக்கும் ஐஸ் தளத்துக்குப் பராமரிப்பு வேலை பார்த்திருக்கிறேன். அதனால் 1911 என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

வேலை செய்யும் விதம் இதுதான். கம்ப்ரஸர் அம்மோனியாவை அழுத்தும், அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகும். திரும்ப விரியவிட்டால் சுற்றியிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்தக் குளிரை நேரடியாகத் தளத்துக்குக் கொண்டுபோவதில்லை. உப்புக்கரைசலைக் குளிரவைத்து, தளத்துக்கு அடியில் வரிசையாகப் போட்ட குழாய்களில் பம்ப் பண்ணிச் சுற்றவிடுவார்கள். சாதாரணத் தண்ணீர் உறையும் குளிரிலும் உப்புக்கரைசல் உறையாது, அதுதான் சூட்சுமம். மேலே தண்ணீரை மெல்லிசாகத் தெளிப்பார்கள். ஒரு படலம் உறைந்த பிறகுதான் அடுத்தது. ஒரேயடியாக ஊற்றினால் ஐஸில் காற்றுக்குமிழி வந்து, கத்தி படும் இடத்தில் பெயர்ந்துவிடும்.

ஒரு குழாயில் கசிவு வந்தாலே எங்களுக்கு இப்போதும் உயிர் போய்விடும். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஐஸையே உடைக்க வேண்டிவரும். இதை நூற்றுப்பத்து வருடம் முன்னால், 10,500 பேர் உட்காரும் கட்டடத்தில், ஒருவர் தன் குடும்பச் சொத்தை வைத்துச் செய்தார் என்றால் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒட்டாவாக்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஐஸ் என்று அந்தத் தம்பி சொன்னதும் சரியாகத்தான் இருக்கும். இயற்கையாக உறைந்த ஐஸ் வெளியில் இருக்கும் குளிருக்கு ஏற்ப இறுகும், இளகும். இயந்திர ஐஸை நாம் வேண்டிய பதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

—

ஸ்காபரோ பொடியன் எழுதியது:

மெக்கானிக் அண்ணைக்கு நன்றி, இப்பதான் அந்தக் குழாய் விசயமே விளங்கியது.

நீலக்கோடு அண்ணை, இரண்டாவது ஆட்டம் பற்றிச் சொன்னது சரி, அதில் நான் இறங்கி வருகிறேன். ஆனால் வேறொன்று இருக்கிறது. இது உண்மையில் ஒரு லீக்கா, அல்லது ஒரு குடும்பத்தின் சொத்தா? அரங்கம் அவர்களுடையது. லீக் அவர்களுடையது. வன்கூவரில் தம்பி, விக்டோரியாவில் அண்ணன். தொடங்கின வருடமே கிழக்குச் சங்கத்தில் இருந்து காசைக் காட்டி ஆட்களைக் கழட்டிக்கொண்டு வந்தவர்கள். மொன்றியல் கனேடியன்ஸின் நியூசி லலோண்ட் அப்படி வந்தவர்தான், 1912 பருவத்தில் வன்கூவருக்கு 27 கோல் அடித்துவிட்டு அடுத்த வருடம் திரும்பிப் போனார்.

எனக்கு முக்கியமாக உறுத்துவது கோலி. ஹியூ லேமன் 1914 வரைக்கும் நியூ வெஸ்ட்மின்ஸ்டர் ஆள். அணி முழுக்கப் போர்ட்லண்டுக்குப் போகும்போது, லீக்கின் மிகச் சிறந்த கோலி மட்டும் எப்படி ஃபிராங்க் பாட்ரிக்கின் சொந்த அணிக்கு வந்து சேர்ந்தார்? அடுத்த மார்ச்சில் அவர்களே கோப்பையைத் தூக்கினார்கள். இதை ஒருவரும் கேட்பதில்லை.

—

நீலக்கோடு எழுதியது:

இதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை, இரண்டு நாள் யோசித்தேன்.

லேமன் விஷயத்தில் நீ சொல்வது சரி தம்பி. எந்த அணிக்கு எந்த ஆள் என்பதைப் பெரும்பாலும் அந்தச் சகோதரர்கள்தான் தீர்மானித்தார்கள். இன்றைக்கு எந்த லீக்கிலும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானும் அதை நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் முதல் ஆறு வருடம் லீக்கை வென்றது யார் யார் என்று பார். 1912 நியூ வெஸ்ட்மின்ஸ்டர், 1913-உம் 1914-உம் விக்டோரியா, 1915 வான்கூவர், 1916 போர்ட்லண்ட், 1917 சியாட்டில். ஆறு வருடத்தில் ஐந்து அணிகள். பெரிய அரங்கமும் பெரிய ஊரும் வைத்திருந்த வான்கூவர் நாலாவது வருடம்தான் ஜெயித்தது. முதல் வருடம் வென்ற நியூ வெஸ்ட்மின்ஸ்டருக்கு அப்போது சொந்த அரங்கம்கூடக் கிடையாது, வான்கூவரில் வந்துதான் ஆடினார்கள். எல்லா அணியும் தாக்குப்பிடித்தால்தான் லீக் பிழைக்கும் என்று பாட்ரிக் சகோதரர்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்றே அணி, அதில் ஒன்று விழுந்தால் ஆட்டமே இல்லை. ஆளை மாற்றிப்போட்டது சுயநலத்துக்காக மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

ஆட்களைக் கழற்றியதைப் பொறுத்தவரை, கிழக்கு முதலாளிகள் அப்போது சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்திருந்தார்கள். ஆட்டக்காரனுக்குப் போக வேறு இடமே இல்லை. மேற்கே இன்னொரு கதவு திறந்ததும் நடந்து வந்தார்கள். அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

—

கடலோரம் (வான்கூவர்) எழுதியது:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். டெய்லர் பெயர் வரும் ஒவ்வொரு தடவையும் எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன். எழுதாமல் இருப்பது சரியில்லை.

ஃபிரெட் டெய்லருக்கு ஹாக்கி மட்டும் தொழிலில்லை. அவர் குடிவரவுத் துறை அதிகாரி. ஒட்டாவாவில் இருந்தபோதே அந்த வேலையில் இருந்தவர், மேற்கே வந்த பிறகும் அதைத் தொடர்ந்தார். நீங்கள் பேசும் பருவத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1914 மே 23-ஆம் தேதி, கோமகதா மாரு கப்பல் 376 பயணிகளோடு வான்கூவரின் பரார்ட் குடாவில் வந்து நின்றது. பெரும்பாலும் பஞ்சாபிச் சீக்கியர்கள். பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள் என்ற உரிமையோடு வந்தவர்கள். அந்தக் கப்பலில் முதலில் ஏறிய அதிகாரிகளில் டெய்லரும் ஒருவர்.

புறப்பட்ட நாட்டிலிருந்து வழியில் எங்கும் நிற்காமல் நேரே வர வேண்டும் என்ற சட்டத்தைக் காட்டி இறங்கவிடவில்லை. இருபது சொச்சம் பேரை மட்டும் இறங்க அனுமதித்தார்கள். மற்றவர்களை இரண்டு மாதம் தண்ணீரிலேயே வைத்திருந்து, ஜூலை 23-இல் போர்க்கப்பலைக் காவலுக்கு வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள்.

டென்மன் அரங்கம் இருந்த இடம் கோல் ஹார்பர் ஓரத்தில், ஸ்டான்லி பூங்காவுக்குப் போகும் வழியில். அரங்கம் 1936-இல் எரிந்துபோனது, இப்போது அங்கே புல்வெளி. கோமகதா மாரு நினைவுச் சின்னம் அங்கிருந்து கடலோரமாக நடந்துபோகும் தூரம்தான். இரண்டையும் கடந்து நான் வாரத்தில் மூன்று நாள் நடக்கிறேன். அந்த மே மாதம் கரையில் நின்று கப்பலை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் எத்தனை பேர் டிசம்பரில் டெய்லருக்குக் கைதட்ட அரங்கத்துக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவரை மட்டும் குற்றவாளி ஆக்கச் சொல்லவில்லை. சட்டத்தை எழுதியவர்கள் வேறு ஆட்கள். ஆனால் நம் மாதிரி ஆட்கள் அந்தப் பருவத்தைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

—

வல்வை மைந்தன் எழுதியது:

கடலோரம் அக்கா சொன்னதை வாசித்துவிட்டுக் கனநேரம் சும்மா இருந்தேன். 2010 ஆகஸ்டில் எங்கட சனம் 492 பேர் 'சன் சீ' கப்பலில் இதே கரைக்குத்தான் வந்து சேர்ந்தது. விக்டோரியாவுக்குப் பக்கத்தில் எஸ்குவிமால்ட் துறைமுகத்துக்கு. கொண்டுபோய் மாதக்கணக்கில் தடுத்து வைத்தார்கள். ஆனால் அந்தக் கப்பலைத் திருப்பி அனுப்பவில்லை. எனக்கு அதில் ஒரு சொந்தக்காரர் இருந்தவர். இப்ப அவரின் மகன் சனிக்கிழமைகளில் ஹொக்கி விளையாடப் போகிறான்.

—

நீலக்கோடு எழுதியது:

அக்கா, எழுதியதற்கு நன்றி. டெய்லர் அந்தத் துறையில் வேலை பார்த்தது எனக்குத் தெரியும். கப்பலில் ஏறியவர் அவர் என்பது இன்றுவரை தெரியாது. என் முதல் பதிவில் அவரைப் பற்றி எழுதியதை அழிக்கப் போவதில்லை, அவர் ஆட்டம் அப்படிப்பட்டது. ஆனால் அதற்குக் கீழேயே உங்கள் பதிவுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். இனி யார் படித்தாலும் இரண்டையும் சேர்த்தே படிக்கட்டும். டெய்லர் அதே துறையில் 1950 வரை வேலை பார்த்து, இந்த மாகாணத்துக்கே ஆணையராக ஓய்வுபெற்றவர் என்பதையும் அங்கே சேர்த்துவிட்டேன்.

கோமகதா மாருவுக்காக 2016-இல் கனடா பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டபோது நான் வேலையிடத்து வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பஞ்சாபி நண்பர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். அவரிடம் இந்த ஹாக்கிக் கதையைப் பேச வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

—

ஸ்காபரோ பொடியன் எழுதியது:

அண்ணை, என் முதல் கேள்விக்கு என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். கணக்கில் சேர்க்கலாம். இரண்டாவது ஆட்டம்தான் என்னை மாற்றியது. லேமன் விசயத்தில் மட்டும் இன்னும் சமாதானமில்லை.

பழைய கோப்பைக் கிண்ணம் இங்கே ரொறன்ரோவில் ஹொக்கி புகழ் மண்டபத்தில்தான் இருக்கிறது. இப்ப வீரர்கள் தூக்கிப்பிடிக்கிறது அதன் நகல். 1915 வன்கூவர் வீரர்களின் பெயர்கள் கிண்ணத்தின் உட்பக்கத்தில், மடிப்பு மடிப்பாக இருக்கும் இடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன என்று வாசித்தேன். இந்த ஞாயிறு மருமகனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கண்ணாடிக்கு வெளியே நின்று உட்பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துவிட்டு, படம் எடுக்க முடிந்தால் இங்கேயே போடுகிறேன்.